மெழுகு வார்ப்பு

தேர்தலுக்கு ஒப்படைத்த ரைஃபிள்
குலசேகரம் ஸ்டேஷனிலிருந்து திரும்பியபோது
கட்டையைக் கறையான் தின்றிருந்தது.

அயனிப் பலகையில் புதிது செதுக்கினார் கனகதாஸ்.
இரும்பில் விளக்குக்கரி பூசி
பள்ளத்தில் வைத்து, எடுத்து,
கரி ஒட்டிய இடம் மட்டும் சுரண்டி
மறுபடி வைத்து.
மூன்று நாள்.

நான்காம் நாள் கேட்டார்:
"இது எந்தத் தோட்டாவுக்குள்ளது டீச்சர்?"
குழலில் எண் தேய்ந்திருந்தது.
அவர் போனபிறகு என் பேருக்கு மாறிய லைசென்ஸில்
முந்நூற்றுப் பதினைந்து.
அலமாரிப் பெட்டியிலும் அதுவே.
ஒன்றை எடுத்து வைத்தோம்.
பாதியில் நின்றது.

கோயில் மெழுகுதிரி இரண்டை உருக்கி
அறைக்குள் ஊற்றினோம்.
ஆறியதும் கம்பியால் தள்ள
வழுக்கி வந்தது
இன்னும் மெலிந்த
வேறொரு தோட்டாவின் வெள்ளை உடம்பு.

வெர்னியர் வைத்து
கனகதாஸ் ஏதோ எண் சொன்னார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு:
பதினொரு பன்றி.
ரப்பர் தோட்டத்து இருட்டில்
ஒரு வெடிக்கு ஒன்று.
விடியுமுன் வாழையிலைப் பொதியில்
கொண்டுவந்து வைப்பார்,
கை கழுவிவிட்டு
என் முகத்தையே பார்த்து நிற்பார்.
காட்டு ருசியே தனி என்பேன்.

"கட்டைக்கு எண்ணெய்
ஒரு பூச்சு போருமா டீச்சர்?"

மூன்று பூசும், என்றேன்.