டி டிரைவுக்குக் கொம்பு முளைத்த கதை

வியாழன், கடை மூடும் நேரம்.
ஒருரோவின் காற்று கதவிடுக்கில் விரல் விடுகிறது.
மினிபஸ் சங்கத்துக் கணக்கர் செவேரோ வாராச்சி
கணினியைப் போர்வையில் சுற்றி
காய்ச்சல்காரப் பிள்ளைபோல் தூக்கி வந்தார்.
"திங்கட்கிழமை தணிக்கை. இதைக் கொஞ்சம் பார், மார்லேனி."

பார்த்தேன்.
சி டிரைவ் வழக்கமான சாம்பல் பெட்டி.
அதற்குப் பக்கத்தில்
இரண்டு கொம்பு, பிதுங்கிய கண்,
நெற்றியில் ஊரும் பச்சைப் பல்லி:
திருவிழாப் பிசாசின் முகமூடி.
கீழே பெயர், "ஆட்டம், நம்ம கூட்டம்."
திறந்தால்
டீசல் ரசீது, டயர் செலவு,
பதினோரு வருஷத்துச் சந்தா பாக்கி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
"லா பாஸிலிருந்து வருகிற அம்மாள்
சங்கப் பணத்தில் ஆடினோம் என்று எழுதிவிடுவாள்."

பெயரை மாற்றினேன்.
"கணக்கு" என்று தட்டியதும்
புது மாப்பிள்ளைபோல் தலையாட்டியது.
மூடித் திறந்தால்
அதே பல், அதே பல்லி.

ஐகான் சேமிப்பைத் துடைத்தேன்.
ஒளிந்திருக்கும் கோப்புகளையெல்லாம்
வெளியே வரச் சொன்னேன்.
எல்லாம் யோக்கியமாக வந்து நின்றன.
வைரஸ் தேட நாற்பது நிமிடம்.
ஹீட்டரின் ஒற்றைக் கம்பிக்கு இருவரும் கை நீட்டினோம்.
கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
"ஃபார்மேட் செய்தால் போகுமா?" என்றார்.
போகும்,
கணக்கும் கூடவே போகும் என்றேன்.

நடுவில் ஒருவன் தலை நீட்டி
"ரொட்டி இருக்கா?" என்றான்.
என் வாசலில் இன்னும் பழைய பேக்கரிப் பலகைதான்.
மூன்று வருஷம்.
முதலில் காசில்லை, பிறகு ஏணியில்லை,
பிறகு அதுவே பழகிவிட்டது.
அடுத்த தெரு என்று கை காட்டினேன்.

அப்போதுதான் பிடிபட்டது என்று சொல்ல ஆசை.
இல்லை. தேநீர் ஆறி, ஏடு கட்டிய பிறகுதான்.
டி என்ற எழுத்தைப் பிடுங்கிவிட்டு
வட்டுக்கு எஃப் என்று கொடுத்தேன்.
கொம்பு காணோம்.
திரும்ப டி கொடுத்தேன்.
கொம்பு.
வட்டைக் கழற்றி வைத்துவிட்டு
என் பென்டிரைவுக்கு அந்த எழுத்தைக் கொடுத்தேன்.
பாவம், அதற்கும் கொம்பு.

ஆள்மேல் பிசகில்லை, செவேரோ.
நாற்காலிதான் பேசுகிறது.

ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கினேன்,
சுரங்கத்தில் மட்டம் மட்டமாக இறங்குவதுபோல்.
கடைசி மட்டத்தில் சிகரெட்டும் வாயுமாக
மாமன் உட்கார்ந்திருப்பாரே,
அப்படி உட்கார்ந்திருந்தன இரண்டு வரிகள்.
ஒன்று பெயர்.
இன்னொன்று படம் இருக்கும் பாதை,
அதன் நடுவே ஒரு மனிதன்: எர்மோ.

"எர்மோவா?"
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
எனக்கு முன்னால் கணக்குப் பார்த்தவன்.
இரவு வண்டியில் இக்கிக்கே போனான், திரும்பவில்லை.
ஆட்டப் படமெல்லாம் ஒரு வட்டில் வைத்திருந்தான்.
அது எரிந்துபோய் ஆறு வருஷம்.
போன வாரம்தான் காலி இடத்தில் புதுசு மாட்டினேன்.

இரண்டு வரிகளையும் அழித்தேன்.
முகம் உதிர்ந்து
சாம்பல் பெட்டி வந்தது.
"கணக்கு" என்று தட்டினேன். நின்றது.

காசு எண்ணும்போது கேட்டார்,
அந்த முகத்தை மட்டும் காகிதத்தில் எடுக்க முடியுமா என்று.
நகத்தளவுப் படம். பெரிதாக்கினால்
சதுரம் சதுரமாக உடைந்தது.
பச்சை மை தீர்ந்திருந்ததால்
பல்லி எங்கே என்று தெரியவில்லை.
அவர் அதைத் தடவிப் பார்த்து
"இது அவன் முகமூடிதான், இடது கொம்பு வளைந்திருக்கும்" என்றார்.
மடிக்காமல் ரசீதுகளுக்கு நடுவே வைத்தார்.

வெளியே போனவர் அண்ணாந்து
என் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை
மினிபஸ் கூரையில் ஓர் ஏணி வந்து இறங்கியது.
சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன்.
இன்றும் நாலு பேர்
அதைச் சுற்றிக்கொண்டு வந்து
ரொட்டி கேட்டார்கள்.