தராசுக் கொட்டகை

இரவு ஷிப்டில் தராசுக் கொட்டகைதான் என் வாசிப்பறை.
புக்கிட் ரோத்தான் தூங்கிவிட்டது.
ஆலைக் கொதிகலன் மட்டும் தூங்காமல்
வெந்த செம்பனையின் வாடையை
ஜன்னல் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மேசையில் கோப்பி ஓ, எடைச் சீட்டுக் கட்டு,
அட்டை கிழிந்த தேர்வுப் புத்தகம்.
கட்டணம் டாலரில்.
ரிங்கிட்டுக்குப் பெருக்கிப் பார்த்த அன்று
கூட்டுச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.

கணக்கு எனக்குப் புதிதில்லை.
பழத்தோடு ஏறும் லாரி, வெறுமையாய் இறங்கும் லாரி,
நடுவில் கழியும் எண்ணில்தான் என் சம்பளம்.
ஆனாலும் மூன்று வாரமாய்
ஒரே வகைக் கேள்வியில் விழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி. கீழே இரண்டு கூற்று.
விடையைக் கேட்கவில்லை;
விடை காண இது போதுமா
என்று மட்டும்தான் கேட்கிறது.
நானோ பென்சிலை எடுத்துக்கொண்டு
கிலோவில், கிராமில் இறங்கி
தசமப் புள்ளி வரை சரியாய்ப் போட்டு
நேரத்தைத் தொலைப்பேன்.

பிறகொரு விடியலில், லாரி வராத இடைவெளியில்,
நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்.
லாரியில் பழம் எவ்வளவு?
ஒன்று: வெறும் லாரி ஒன்பதாயிரம் கிலோ.
இரண்டு: பழம், வெறும் லாரியைப்போல் ஒன்றரை மடங்கு.
தனித்தனியே இரண்டும் ஊமை.
சேர்ந்தால் வாய் திறக்கின்றன.
கேள்வியே மொத்த எடையைச் சொல்லிவிட்டாலோ
எது ஒன்றும் தனியாகவே போதும்.
பெருக்கவில்லை. பென்சிலைத் தொடவில்லை.
சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்,
படியில் கிடந்த நாய் நிமிர்ந்து பார்த்தது.

இரண்டாவதைப் படிக்கையில் முதலாவதை மறந்துவிட வேண்டும்.
'இல்லை' என்பது உறுதியானால்
அந்த இல்லையும் போதும்.
'இருக்கலாம்' மட்டும்
எத்தனை முறை சொன்னாலும் போதாது.

நேற்று வீரபத்திரனின் லாரி
வழக்கத்தைவிட நானூறு கிலோ கூட.
பின்கதவில் நீர் சொட்டியது.
'குலைக்குத் தண்ணி அடிச்சானா?
ஆமாவா இல்லையா, எழுதிக் குடு'
என்றார் மேனேஜர் குணாளன்.
'போன வருஷம் இவன் தம்பி மாட்டுனானே.'
அது கூற்றில் இல்லை, சார்.

எடை கூடியது: குலை பெருக்கும் மாதம் இது.
நீர் சொட்டியது: ஜெராமில் சாயங்காலம் முழுக்க மழை.
சேர்த்துப் பார்த்தேன்.
சேர்த்தும்.

'தகவல் போதாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
'படிக்கிறேன் படிக்கிறேன்னு புத்தி கெட்டுப்போச்சு'
என்றார்; பேனாவை என்மேல் எறியாத குறை.

இன்று ஒரு பை ரம்புத்தானோடு வந்து நின்றான் வீரபத்திரன்.
வாங்கவில்லை.
'நீ செய்யலைன்னு நான் எழுதலை.'
'பின்ன என்னதான் எழுதுனே?'
முகத்தைப் பார்த்தேன்.
அதற்கும் இரண்டு விடை வந்தது.

'லாரிய மேடையில ஏத்து' என்றேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.
சிவப்பு எண்கள்
ஏறிக்கொண்டே இருந்தன.