அறுபத்திரண்டு விழுக்காடு

போன வருஷ இறுதியாட்டத்தில்
இரண்டு மணி நேரம் நான் பார்த்தது
என் முகத்தைத்தான்.

பாடாங் செராய், தமிழ்ப்பள்ளித் திடல்.
கேமரா தலையில்
முந்நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு வாங்கிய
ஐந்தங்குலத் திரை.
வெயில் ஏறியதும் அது கண்ணாடியாகிவிட்டது:
என் தொப்பி, என் வேர்த்த மூக்கு,
பின்னால் ஒரு வரிசைச் செம்பனை.
பந்து அதற்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

வெற்றிக் கோல் பச்சைக் கஞ்சியாய்ப் பதிவானது.
வலைக்குப் பின்னால் ஐஸ் விற்றவரின்
மோட்டார் எண் மட்டும்
எழுத்தெழுத்தாய்த் துல்லியம்.
தோற்ற அணி வீட்டுக்கு வந்தது.
ஜெயித்த அணியும் வந்தது.
ஏற்பாட்டுக் குழு சந்திரமோகன் பாதிப் பணம் தந்தார்,
அதையும் எச்சில் தொட்டு எண்ணி.

இந்த வருஷம்
சுங்கை பட்டாணிக்குப் பஸ் ஏறினேன்.
கடையில் நாலு திரைகள், ஏர்கோனுக்கு அடியில்.
நாலும் அழகு. நாலிலும் ஒரே பஞ்சவர்ணக் கிளி.
"வெளியே கொண்டுபோய்ப் பார்க்கணும், தவுக்கே."
முகம் சுருங்கியது.
அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அஞ்சடியை விட்டு இறங்கினால் பன்னிரண்டரை மணி.
முதலாவது,
பெட்டியில் ஆயிரம் நிட்ஸ் என்று மார்தட்டியது,
தார் ரோட்டைப் பார்த்ததும் சாம்பல் பூசிக்கொண்டது.
அடுத்தது பிரகாசம்தான்;
பத்து நிமிஷத்தில் இட்லிச் சட்டி மூடியாய்க் கொதித்து
தானாகவே மங்கியது.
மூன்றாவதில் கம்பி சொருகும் வாய் லொடலொடத்தது.
ஆட்டினேன். படம் போனது, வந்தது, போனது.
"ஆட்டாதே, உடைஞ்சிடும்" என்றார்.
"நான் ஓடிக்கிட்டே எடுக்கிறவ, தவுக்கே."

நாலாவது தடியன். கை வலிக்கும் கனம்.
முதுகில் சின்ன விசிறி, கொசு முனகல்.
ஆனால் எதிர்க்கடைப் பலகையின் துருவைக்கூடக்
காட்டிக்கொடுத்தது;
கூர்மை எங்கே விழுகிறதோ அந்த விளிம்பில்
சிவப்புக் கோடு போட்டது.
விலை, என் மோட்டாரின் ஐந்து மாதத் தவணை.
கறுப்பு நிழல் மூடியும் இரண்டு பேட்டரியும்
சேர்த்துக் கேட்டேன்.
மூடி தந்தார். பேட்டரி ஒன்றுதான்.

நேற்று இறுதியாட்டம்.
எண்பத்தேழாவது நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று.
என் தம்பி கிருபாகரன்
இடப்பக்கமிருந்து வெட்டி வந்து அடித்தான்.
கோட்டு நடுவரின் கொடி பாதி எழும்பி,
யோசித்து,
இறங்கிவிட்டது.
அப்புறம் நெஞ்சோடு நெஞ்சு.
சட்டைக் காலர். அம்மாவை இழுத்த வசவு.
"கேமரா அக்காவைக் கேளுங்கடா,
புதுத் திரை வாங்கியிருக்கு!"
முப்பது ஜோடி பூட்ஸ் என்னை நோக்கி வந்தன.

நிழல் மூடிக்குள் ஒரு தலைதான் நுழையும்.
நுழைத்தேன். பின்னோட்டினேன்.
வெயில் வெளியே நின்றுகொண்டது.
உள்ளே ஒவ்வொரு புல்லும் தனித்தனி.
கடைசித் தடுப்பாட்டக்காரனின்
காலுறை ஓட்டை தெரிந்தது.
அவனைத் தாண்டி, ஒன்றரை அடி தாண்டி,
சிவப்புக் கோடு ஓரமிட்ட ஒரு முழங்கால்.
அதில் காலையில் நான் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி.

இன்னொரு தடவை ஓட்டினேன்.
அதே ஒன்றரை அடி.

தலையை எடுத்ததும் கண் கூசி
யார் முகமும் தெரியவில்லை.
"மாச்சாம் மானா, கக்காக்?"
நடுவர் அஸ்மானின் குரல்.
"என்ன அக்கா, சொல்லு அக்கா"
பல குரல்கள்.
தம்பி குரல் அதில் இல்லை.

"பேட்டரி போயிடுச்சு" என்றேன்.

திரையின் முதுகில் விசிறி
இன்னும் முனகிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையால் பொத்தினேன்.
சுட்டது.