மேலே மிதந்தது

முப்பத்தொரு வருடம்
வெண்ணெய்க்கு மதிப்பெண் போட்டவள் நான்.
கிழக்குப் பின்லாந்து, ஹவுக்கிலம்பி கூட்டுறவுப் பால்பண்ணை,
குளிரறையில் வடக்குச் சுவரோரம் என் மேசை.
நீள எஃகுக் கம்பியைப் பீப்பாயில் செருகி
ஒரு திருகு திருகி உருவினால்
உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்:
உப்பு கரைந்ததா, நீர் வியர்க்கிறதா,
எந்தத் தொழுவத்துப் பசு பூஞ்சை வைக்கோல் தின்றது.
நாக்கில் வைப்பேன். துப்புவேன்.
விழுங்கக்கூடாது என்பது விதி.
வேலை நேரத்து விதி.

வீட்டில் ரை ரொட்டி மேல் பல் தடம் பதியும் கனத்துக்கு,
உருளைக்கிழங்கில், மீனில்,
கஞ்சி நடுவே மஞ்சள் குளமாக.
பனியில் பத்து மணி நேரம் மரம் அறுப்பவனுக்கு
அது வேண்டும்தான், யார் இல்லையென்றது?
பிறகு அறுக்க எந்திரம் வந்தது.
உட்கார்ந்து ஓட்டினார்கள்.
வெண்ணெயின் கனம் மட்டும் குறையவில்லை.

அண்ணன் தௌனோ நாற்பத்து நான்கில் போனான்,
புதுச் சவுனாவுக்குக் கூரை போட்ட மறுநாள்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பது
பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.
தம்பி ஏலிஸ் முப்பத்தொன்பதில்,
உறைந்த ஏரி நடுவே, பனியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருந்தவன்.
தூண்டில் ஆடியது, அவன் ஆடவில்லை.
இரண்டு சாவு விருந்துக்கும்
நான் தேர்ந்தெடுத்த முதல் தரம்.

பிறகுதான் ரைலி வந்தாள், மாவட்டச் செவிலி, என் மகள் வயது.
முந்தின இரவிலிருந்து பட்டினி என்றாள்.
கிடந்தேன். சத்தியமாக.
ஊசி. பஞ்சு. போகலாம்.

மறுநாள் கூப்பிட்டாள்.
குளிர்பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய்.
அடியில் சிவப்பு, நடுவில் கலங்கல்,
உச்சியில் நகக்கண் அளவு வெள்ளை ஆடை.
"ராத்திரி வைத்தேன், தானாக மேலே வந்தது."

எனக்கா புதிது அது?
என் கை கம்பியைத் தேடியது.
நல்ல ஆடை, சமமாகப் படிந்திருக்கிறது,
முதல் தரம் என்று வாயெடுத்தேன்.
என் ரத்தம் அது.

"எல்லாருக்கும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது, ஹெல்வி.
உங்கள் அண்ணன் ரத்தம் தெளிவாகவே இருந்திருக்கலாம்.
அதுதான் வம்பு."

கொழுப்பே கூடாதா என்றேன், சண்டைக்கு.
இல்லை என்றாள்; மூளையை உலர்த்தினால் பாதிக்குமேல் அதுதான்,
அது இல்லாமல் கேரட்டின் மஞ்சள்கூட உடம்பில் சேராது.
குளிரில் கட்டியாக உறைவதைக் குறை,
ஒழுகுவதை எடுத்துக்கொள்,
ஏரியின் சின்ன வெள்ளி மீனை வறுக்காமல் தின்.
காப்பிக்கு நான் கடிக்கும் சர்க்கரைக் கட்டியையும்
பட்டியலில் சேர்த்தாள், பாவி.

பண்ணைத் தலைவர் எஸ்கில் கேள்விப்பட்டுக் கத்தினார்:
வெண்ணெயில் சம்பளம் வாங்கிக்கொண்டு
வீட்டில் எண்ணெய்ப் போத்தலா? கொழுப்பு உனக்கு!
கொழுப்புதான் என்றேன்.
குழாயோடு கொண்டுவந்து காட்டட்டுமா?

கடுகினத்து மஞ்சள் பூவின் விதை எண்ணெய்.
முதல் நாள் ரொட்டியில் ஊற்றி நாக்கில் வைத்தேன்:
புல். ஈரச் சாக்கு. கடைசியில் ஏதோ கொட்டை வாசம்.
பத்துக்கு ஐந்து.
பழக்கத்தில் துப்பப் போய்,
நிறுத்தி,
விழுங்கினேன்.
பல் தடம் எதுவும் பதியவில்லை.

ஏழு மாதம் கழித்து ரைலி எண்ணை மட்டும் சொன்னாள்:
பரவாயில்லை, இன்னும் இறங்கணும்.
குழாயைக் காட்டு என்று அடம்பிடித்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
சிவப்புக்கு மேல் வைக்கோல் நிறத்தில் தெளிவு.
மேலே ஒன்றுமே இல்லை.
மதிப்பெண் போட எதுவுமில்லாமல்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இப்படித்தான் இருந்திருக்கும்
தௌனோவுடையதும்.