கைராசி

புத்தாண்டு அன்று
முதல் ஆள் வந்து வாசல் தாண்டும் வரை
ஒசுர்கெத்தியில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.
யார் கால் முதலில் படுகிறதோ
அவர் ராசிதான் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க.

போன வருடம் வேலிக்கு அந்தப்புறத்து வாலிக்கோ வந்தார்.
நல்ல மனிதர். இரண்டு பையிலும் மிட்டாய்.
தாத்தியா அப்போது பதினொரு நாள் குழந்தை,
மிட்டாயைத் தூக்கத்திலேயே மறுத்தாள்.
பிப்ரவரியில் கூரை ஒழுகியது.
ஏப்ரலில் பேஸோ வேலை பார்த்த தேயிலை ஆலையை மூடினார்கள்.
ஆகஸ்டில் பசு செத்தது.
நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
இந்த டிசம்பரில் அவரே வேலியோரம் வந்து
தொப்பியைக் கழற்றிக் கையில் திருகியபடி,
"இந்த முறை வேறு யாரையாவது பாருங்கள்" என்றார்.

வேறு யார்?

பண்டிகை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கோழி, அதற்கு வால்நட் அரைத்த குழம்பு,
கொல்லையில் பறித்த கமலா ஆரஞ்சு ஒரு வாளி,
பிறகு சிச்சிலாக்கி:
காய்ந்த ஹேசல் கொம்பைப் பேஸோ கத்தியால் சீவிச் சீவி
சுருள் சுருளாக வெள்ளைத் தாடி தொங்கவிட்டது.
அதுதான் எங்கள் மரம்.
விளக்குச் சரம் வாங்கவில்லை.
தாத்தியா தாடியில் ஒரு சுருளைப் பிடுங்கி வாயில் வைத்தாள்.
விரல் விட்டு எடுத்தேன்.
இன்னொன்று.
பொழுது சாய்வதற்குள் ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது.
அந்தக் கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம்.

நள்ளிரவில் ஊரே வெடித்துத் தள்ளியபோது
அசையாமல் தூங்கினாள்.
மூன்று மணிக்கு, நாய்கள்கூட ஓய்ந்த பிறகு,
இருட்டில் எழுந்து உட்கார்ந்து
கை தட்டினாள்.
எதற்கு என்று கேட்க மொழி இல்லை.
நாங்களும் தட்டினோம்.

காலையில் மழை.
பத்து மணி வரை யாரும் வரவில்லை.
பேஸோ அவளுக்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை மாட்டி,
கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்து,
பின்கதவு வழியாகத் தூக்கிப் போய்
முன்வாசலுக்கு வெளியே நிறுத்தினான்.
நான் உள்ளிருந்து கதவைத் திறந்தேன்,
முன்பின் தெரியாத விருந்தாளிக்குத் திறப்பதுபோல.

வருகிறவர் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு:
கால் என்னுடையது, தடம் தேவதூதனுடையது.
அவள் "மாமா" என்றாள்.
எங்கள் மொழியில் அதற்கு அப்பா என்று பொருள்.
என்னைக் கூப்பிடும் சொல் இன்னும் வரவில்லை.

நிலையைப் பிடித்துக்கொண்டாள்.
இதுவரை நடந்ததில்லை.
ஒரு கால் எழும்பியது,
நான் மூச்சுவிடவில்லை,
பேஸோ மழையில் அப்படியே குனிந்து நின்றான்,
பொத்தென்று உட்கார்ந்தாள்.
ஆரஞ்சு கை நழுவி
அவளுக்கு முன்னால் உருண்டு உள்ளே வந்தது.
அவ்வளவுதான், அதைத் துரத்தி
ஈரப் படியில் இரண்டு உள்ளங்கையும் பதிய
தவழ்ந்து வந்துவிட்டாள்.

"காலா, கையா?" பேஸோ வெளியிலிருந்து கேட்டான்.
"முதலில் ஆரஞ்சு" என்றேன்.
வேலிக்கு அந்தப்புறம் குடைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"கைதான்! நான் பார்த்தேன்! கைராசி!"
பார்க்காமல் எப்படி இருப்பார், பாவம்.

இரண்டாவது ஆளாக வாலிக்கோ வந்தார்,
செருப்பைக் கழற்றி, நிலைக்குத் தலை குனிந்து.
ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது என்றிருந்தார் மருத்துவர்.
ஒரு வயதும் பன்னிரண்டு நாளும் ஆகிறது.
கரண்டி நுனியில் தொட்டு வைத்தேன்.
முகம் சுளித்தாள், யோசித்தாள்,
கரண்டியை விடவில்லை.

பிறகு அந்த ஆரஞ்சைத் தோலோடு கடித்துப் பார்த்துவிட்டு
வாலிக்கோவின் மடியில் வைத்தாள்.
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மேலே இரண்டு, கீழே இரண்டு, பல் தடம்.

அந்த நாலும் முளைத்தது
அவருடைய வருடத்தில்தான்.
இத்தனை நாள் கணக்குப் பார்த்தும்
அதை எழுதாமல் விட்டிருக்கிறோம்.