ஒரு ஸ்குரூ மிச்சம்

பழைய ஸ்கார்ப்பியோ. கண்ணாடியோரம் மாதா படம்.
சீட்டுக்கடியில் மணல்:
எத்தனை தடவை உறிஞ்சி எடுத்தாலும்
இன்னும் ஒரு கை மணல்.
சாவியை என்னிடம் எறிந்துவிட்டு வறுவேல் அண்ணன் சொன்னார்,
"பாட்டு கேக்கணும். வழி தெரியணும். ரூவாயக் கொறச்சுப் போடு."

மார்த்தாண்டம் மேம்பாலத்துத் தூணின் நிழலில் என் கடை.
பகல் பதினொன்றுக்கும் இங்கே டியூப்லைட்.

பிளாஸ்டிக் உளியை இடுக்கில் கொடுத்துப் பைய நெம்பினேன்.
கிளிப்புகள் டக், டக்கென்று விட்டன.
ஐந்தாவது உடைந்தது.
இருமினேன்.
அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பழைய செட்டை இழுத்தால் பின்னாலேயே ஒரு குடல்.
எனக்கு முன்னால் எவனோ ஒருவன்
சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாய் முறுக்கி
செல்லோ டேப் சுற்றியிருந்தான்.
சவம், வண்டி எரியாமல் இருந்தது மாதா புண்ணியம்.

மஞ்சள் வயர் ராவும் பகலும் விழித்திருக்க வேண்டும்.
சிவப்பு, சாவி திரும்பினால் போதும்.
கறுப்பு எர்த்துக்கு.
எர்த் பிடிக்க பெயின்டைச் சுரண்டினேன்.
வெள்ளைக்குக் கீழே ஒரு நீலம்,
ஆர்.சி. புக்கில் இல்லாத நீலம்.
நான் கேட்கவில்லை.
அதற்கும் கீழே பளிச்சென்று இரும்பு.

ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ஒரு முனகல்,
ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற கொசு.
"போட்டுல வயர்லெஸ் செட்டும் இப்படித்தான் கெடந்து மொனங்கும்"
என்றார்.
சவுண்டு வயரைக் கரண்டு வயரிலிருந்து பிரித்து
எதிர்ப்பக்கக் கதவோரமாய் ஓட்டினேன்,
ஒன்றரை மணி நேரம், மல்லாந்து, முகத்தில் மணல் உதிர.
கொசு செத்தது.
"சே, ஒரு சத்தமும் இல்லாமப் போச்சே" என்றார்.
பாராட்டா என்று தெரியவில்லை.

பாலத்துக்குக் கீழே நின்ற வண்டியை
ஜி.பி.எஸ். பாலத்துக்கு மேலே வைத்துக் காட்டியது.
பம்மம் வரை ஓட்டிப்போய் வானம் தெரிகிற இடத்தில் நிறுத்தினோம்.
அவர் மேப்பைப் பார்க்கவேயில்லை.
"சாட்டிலைட்டு பக்கத்த எடு."
பச்சைக் கம்பிகள் முளைத்தன, ஆறு, எட்டு, பதினொன்று.
"நடுக்கடல்ல நாலு வச்சே ஓட்டியிருக்கேன்."

வீட்டு முகவரி கேட்டேன்.
கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை.
எட்டு டிகிரி பதினாறு மினிட் வடக்கு என்று தொடங்கி
செகண்டுக்கும் பின்னால் இரண்டு புள்ளி வரை
ஜெபமாலை போலச் சொன்னார்.
தட்டினேன்.
தூத்தூரில் ஒரு சந்துக்குள் நுழைந்து அம்பு நின்றது.
திரையில் முகத்தை வைத்துப் பார்த்தார்.
"அடுக்களை" என்றார்.

"இன்னொண்ணு உண்டு. நீ அந்தால திரும்பு."
திரும்பினேன்.
ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ ஒன்று நாறிக்கொண்டு கடந்தது.
சைடு மிரரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை:
இடது கையால் திரையை மறைத்து
வலது விரலால் ஒவ்வொரு எண்ணாக.
ஏழு என்ற முதல் எண் மட்டும் கண்டேன்.
சாவியை எறிந்தவர்,
பர்ஸை சீட்டில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர்.

திரை முழுக்க நீலம்.
ஒரு கோடில்லை, ஓர் ஊரில்லை.
பெட்டிக்குள்ளிருந்த பெண் சுத்தத் தமிழில் சொன்னாள்:
"வழி எதுவும் கிடைக்கவில்லை."
அவர் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.
"ஒனக்குக் கிடைக்காது பிள்ளே.
கிடைச்சா பெறவு எனக்கு எங்க மீனு?"

பில்லில் இருநூறு குறைத்தேன்.
அவர் இன்னொரு முந்நூறு குறைத்தார்.
கதவு அதிர அதிர வண்டி நித்திரவிளை ரோட்டுக்குப் போயிற்று.

மேசையைத் துடைக்கும்போது காந்தத் தட்டில்
ஒரு ஸ்குரூ. கறுப்பு. தலை தேய்ந்தது.
ஏசி வென்ட்டுக்கா, கியர்ப் பக்கமா,
ஸ்டீரிங்குக்கு அடியிலா?
இல்லை, ஸ்டீரிங் பக்கம் நான் கையே வைக்கவில்லை.
எண்பதில் போகும்போது எங்கோ ஒரு கிறுகிறுப்பு கேட்கும்,
பாட்டை நிறுத்தினால்.

போனை எடுத்தேன். வைத்தேன்.
அவர் பாட்டை நிறுத்துகிற ஆள் இல்லை.
ஸ்குரூவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன்.
பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது.