கடைசிக் கட்டை

சஜா கேம்ப், எட்டாம் நம்பர் அறை.
வியாழன் இரவு. ஏசி இருமிக்கொண்டிருந்தது.
ரோலா கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு
அந்தோணிராயப்பன் வாங்கி வந்த டிவிடி.
அட்டையில் ஒருவன் காலை நீட்டிப் பறந்தான்;
உள்ளே இருந்தது வேறு படம்.

அடிதடி கேட்டவர்களுக்கு வந்தது
நான்கு பேர் சுற்றி உட்கார்ந்த மேசை,
சோப்புத் துண்டு மாதிரி வெள்ளைக் கட்டைகள்.
கலைத்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி.
"என்னல இது, தாயமா?"
"தாயத்துக்கு எதுக்குல இம்புட்டு கட்டை?"

படம் பேசியது காண்டனீஸ்.
அடியில் ஓடியது அரபி.
அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்,
காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா.
மதரஸாவில் பழகிய வாசிப்பு:
உச்சரிப்பு சுத்தம், பொருள் அவ்வளவாகக் கிடையாது.
வரிக்கு வரி கணீரென்று படித்துவிட்டு
எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்து
பொருளை அவரே போட்டுக்கொண்டார்.
"மச்சினனை நம்பாதங்கான்."
"கடனைக் கேட்டா இவனுக்குக் கால் வழுக்குமாம்."

வழுக்கியது.
குண்டு ஆள், கிழிந்த பனியன்,
மீன்தொட்டிக்குள் விழுந்தான், எழுந்தான்,
வாயிலிருந்து ஒரு மீனை எடுத்து
மரியாதையாகத் திரும்ப விட்டான்.
மேல்கட்டிலில் பிச்சைக்கனி குலுங்கிய குலுங்கலில்
போல்ட் ஒன்று கழன்று என் டீயில் விழுந்தது.

வில்லன் தும்மிய நேரம் பார்த்து
குண்டன் ஒரு கட்டையை விழுங்கினான்.
அதற்கப்புறம் விக்கல்.
ஒவ்வொரு விக்கலுக்கும் வயிற்றுக்குள் டக்.
அடியாட்கள் தலைகீழாய்ப் பிடித்து உலுக்கினார்கள்.
விழுந்தவை: சீப்பு, பாதி வாத்து,
மாமியாரின் பல்செட்.
கட்டை மட்டும் வரவில்லை.

"மதுரை ஏஜென்ட் ஆபீஸ்ல என்னையும் இப்பிடித்தான்…"
என்று ஆரம்பித்த வேலாண்டி
மீதியை ஏப்பமாக மாற்றிக்கொண்டான்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எங்களால் முடிந்த உபகாரம் அது.

கடைசி ஆட்டம்.
கடைச்சாவி, கல்யாண மோதிரம்,
பெண்டாட்டியின் தையல் மெஷின்கூட மேசைமேல்.
கட்டையை எடுக்கிறான்,
பெருவிரலால் தடவுகிறான்,
விக்குகிறான்,
திருப்பப் போகிறான்

சிக்கிக்கொண்டது.
கை அந்தரத்தில். முகம் சதுரம் சதுரமாய்.
ஊதினோம். லுங்கியில் துடைத்தோம்.
பற்பசை பூசினால் ஓடும் என்றார்கள், பூசினோம்.
முதல் காட்சியும் போயிற்று.

பந்தயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.
ஜெயிப்பான் என்று ஐந்து பேர்.
அந்தோணிராயப்பன் காலைக் குளியலின் முதல் முறையை வைத்தான்.
நான் என் ஏசிப்பக்கக் கட்டிலை, ஒரு மாதத்துக்கு.
பிச்சைக்கனி ஊர்ப் பார்சலில் வந்த கருவாட்டை.
வேலாண்டி வெகுநேரம் யோசித்து
தோற்பான் பக்கம் போனான்.
"ஜெயிச்சான்னா எனக்குச் சந்தோஷம்.
தோத்தான்னா கருவாடு."

சனிக்கிழமை சைட்டில்
கிரேன் ஓட்டும் லியூவைப் பிடித்தோம்.
அட்டையைக் காட்டினால் உதட்டைப் பிதுக்கினார்.
அவர் ஊர் எங்கோ வடக்கே;
அந்தப் பாஷை அவருக்கும் அரபிதான்.
சரி, நடித்தே காட்டுவோம் என்று
வேலாண்டி தானாகவே தலைகீழாய்த் தொங்கினான்.
இரண்டு பேர் காலைப் பிடித்து உலுக்க
பையிலிருந்து விழுந்தவை:
பத்தாக்கா, கால் திர்ஹம், பாதி குபூஸ்.
தொங்கியபடியே விக்கினான். டக் என்றான்.

ஹெல்மெட் கழன்று உருளும் அளவுக்குச் சிரித்தார் லியூ.
கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து,
சைகையிலேயே கேட்டார்:
அப்புறம் என்ன ஆச்சு?